முதலில் வந்து நிற்கும் பெயர்

திருப்பூரில் ஒரு பனியன் அட்டைப்பெட்டிக்குள் போவதற்கு முன் ஏழெட்டுக் கூரைகளுக்குக் கீழே போய் வருகிறது. நூல் நிட்டிங்குக்குப் போகும். அங்கிருந்து சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங். கட்டிங் முடிந்தால் தையலுக்குப் பவர்டேபிள். பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்ட இந்த ஊரின் ஏற்றுமதி இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் நடக்கிறது. அதனால் இங்கே தொழிலில் பாதி, சரியான ஆளைத் தேடிப் பிடிப்பது. முன்பெல்லாம் அந்த ஆள் நூல்கடையிலோ டீக்கடையிலோ கிடைத்தார். "அவர்கிட்டக் கொடுங்க, நான் சொல்றேன்" என்று ஒருவர் சொன்னால், வேலை கெட்டுப்போனதும் சங்கடப்பட வேண்டியவர்களில் அவரும் ஒருவர். கைபேசியில் தேடி எடுக்கும் பெயருக்குப் பின்னால் அப்படிப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. தேடும் வேலையை இணையம் வேகமாக்கிவிட்டது. ஜாமீன் நிற்கும் வேலையை அது எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தை யார் நிரப்புவது என்று கேட்காமல் வேலையைக் கொடுப்பதில்தான் பெரும்பாலான நஷ்டங்கள் தொடங்குகின்றன.

பட்டியல் தளங்களில் முதலில் வந்து நிற்கும் பெயர் ஏன் முதலில் நிற்கிறது? பல தளங்களில் அந்த இடம் விலைக்குக் கிடைக்கும். 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரையும் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் தொலைபேசி எண்ணையும் ஆவணங்களையும் பற்றியதே. துணியின் ஷேட் லாட்டுக்கு லாட் மாறாமல் வருமா என்பதைப் பற்றியது அன்று. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-ன்படி, விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் தளங்கள், எதை வைத்து வரிசைப்படுத்துகிறோம் என்பதை எளிய மொழியில் வெளியிட வேண்டும். குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லவும் வேண்டும். விளம்பரத்தை விளம்பரம் என்று தெரியாதபடி ஒளித்து வைப்பதை 2023-ல் வந்த வழிகாட்டுதல்கள் முறைகேடாகவே பட்டியலிட்டிருக்கின்றன. வாடிக்கையாளர்கள் தரும் நட்சத்திரங்களைப் பொறுத்தவரை, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் 2022-ல் ஒரு தரநிலையைக் கொண்டுவந்தது; ஆனால் அதைக் கடைப்பிடிப்பது தளத்தின் விருப்பம். ஆகவே நட்சத்திரம் ஒரு வதந்திதான். வதந்தியும் சில நேரம் உண்மையாக இருக்கும்.

சரிபார்ப்பது எப்படி என்பதற்கு இந்தத் துறையிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 2020 அக்டோபரில், ஆர்கானிக் ஜவுளிக்கான தரநிலையை வகுக்கும் கோட்ஸ் அமைப்பு, இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்தி போலிப் பரிமாற்றச் சான்றிதழ்களோடு புழங்கியதைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. 11 நிறுவனங்களுக்குத் தடையும் விதித்தது. அந்தச் சான்றிதழ்களில் கியூஆர் குறியீடு இருந்தது. அதை ஸ்கேன் செய்தால், மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபேடாவின் டிரேஸ்நெட் தளம் போலவே வடிவமைத்த ஒரு போலித் தளம் திறந்து, 'சரியானது' என்று காட்டியது. சரிபார்த்தவர்கள் சோம்பேறிகள் இல்லை. எதிராளி திறந்துவிட்ட கதவு வழியாக உள்ளே போனார்கள், அவ்வளவுதான். சான்று எதுவானாலும் அதை வழங்கிய அமைப்பின் தளத்துக்கு நாமே முகவரி தட்டிப் போக வேண்டும். எதிரில் இருப்பவர் அனுப்பும் இணைப்பு, பிடிஎஃப், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அவருடைய பேச்சின் நீட்சியே.

அப்படிப் போய்ப் பார்க்கக் கட்டணமில்லாத பதிவேடுகள் நிறைய இருக்கின்றன. ஜிஎஸ்டி தளத்தில் உள்நுழையாமலேயே 15 இலக்க எண்ணைத் தட்டினால் சட்டப்படியான பெயர், பதிவான தேதி, பதிவு நடப்பில் உள்ளதா ரத்தானதா என்பது தெரியும். கடைசியாக எந்த மாத ரிட்டர்ன் தாக்கலானது என்பதும் கிடைக்கும். எண் 33 என்று தொடங்கினால்தான் தமிழ்நாட்டுப் பதிவு. பெருமாநல்லூரில் பட்டறை இருக்கிறது என்பவரின் எண் வேறு மாநிலத்தைக் காட்டினால் காரணம் கேட்க வேண்டும். முன்பணம் கேட்கும் வங்கிக் கணக்கின் பெயரும் அங்கே உள்ள பெயரும் ஒன்றா என்பது அடுத்த கேள்வி. சோதனைக்கூடம் என்றால், கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் தளத்தில் அதன் அங்கீகாரத்தோடு வரம்பையும் பார்க்க வேண்டும். கலர் ஃபாஸ்ட்னஸ் சோதனைக்கு அங்கீகாரம் பெற்ற கூடம், அசோ சாயச் சோதனைக்கும் பெற்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டால் பையர் அறிக்கையைத் திருப்பி அனுப்புவார். கணக்கு எழுதுகிற எல்லோரையும் ஆடிட்டர் என்று அழைப்பது நம் ஊர்ப் பழக்கம். பட்டயக் கணக்காளர் கையெழுத்திடும் சான்றிதழில் யுடின் என்ற 18 இலக்க எண் இருக்கும், அதை அவர்களுடைய கழகத்தின் தளத்திலேயே சோதிக்கலாம்.

சாயத்துக்கு இன்னும் கூடுதலாகப் பார்க்க வேண்டும். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நடத்திய நீண்ட வழக்கின் தொடர்ச்சியாக 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. அதற்குப் பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத முறையில்தான் சாயமிட அனுமதி. ஒரு பட்டறை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினரா, சொந்த நிலையம் வைத்திருக்கிறதா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு நடப்பில் உள்ளதா என்பதைப் பட்டியல் தளம் சொல்லாது. கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்பவர், சுத்திகரிப்புச் செலவைத்தான் குறைத்திருக்கிறாரோ என்று சந்தேகப்படுவது நியாயமே. அந்தப் பட்டறைக்கு மின்சாரம் துண்டிக்கப்படும் நாளில் உள்ளே கிடப்பது நம் துணி. கப்பலேற்றும் தேதியோ நகராது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. காகிதம் கேட்டால், காகிதம் இல்லாத நேர்மையான சிறியவர்கள் ஒதுங்கிப்போவார்கள். நாலு மெஷினோடு வீட்டு முன்னறையில் பவர்டேபிள் நடத்துபவரிடம் ஜிஎஸ்டி எண் எங்கே இருக்கும்? உண்மைதான். சேவை தருவோருக்குப் பொதுவாக ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை அந்தப் பதிவு கட்டாயமில்லை. எண் இல்லாததை மோசடியின் அடையாளமாக எடுத்துக்கொள்வது தவறு. ஆனால் இப்படிப்பட்டவரின் பலம் வேறு: நேரில் போய்ப் பார்க்க அவருக்கு ஓர் இடம் இருக்கிறது. மெஷினையும், அதில் ஓடிக்கொண்டிருக்கும் வேலையையும் பார்த்துவிட்டு, ஐம்பது பீஸ் கொடுத்துத் தைக்கச் சொல்லலாம். சிறு தொழில்களுக்கான, கட்டணமில்லாத உத்யம் பதிவைச் செய்துகொள்ளச் சொல்வது அவருக்கே நன்மை. ஷிப்மென்ட் அவசரத்தில் இதற்கெல்லாம் நேரமில்லை என்பது அடுத்த மறுப்பு. பதிவேடு பார்க்கப் பத்து நிமிடம் போதும். அதற்குக்கூட இடம் தராத அவசரத்தை உண்டாக்கியவர் யார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வேலை கெட்ட பிறகு எங்கே போவது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். வீட்டு ஏசியைப் பழுதுபார்க்க வந்தவர் கெடுத்துவிட்டுப் போனால் நீங்கள் நுகர்வோர். நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம், இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். ஏற்றுமதி ஆர்டருக்குக் கொடுத்த எம்ப்ராய்டரி கெட்டால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. வணிக நோக்கத்துக்குப் பெற்ற சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. கோவை பிஎஸ்ஜி தொழில் நிறுவனம் எதிர்மனுதாரராக இருந்த லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில், 1995-ல், உச்ச நீதிமன்றம் இந்த எல்லையைத் தெளிவாக்கியது. பிழைப்புக்காகத் தானே ஓட்டும் ஒரு மெஷினை வாங்குபவர் நுகர்வோர். ஆள் வைத்துப் பெரிதாக உற்பத்தி செய்பவர் அப்படி இல்லை. ஒற்றை ஓவர்லாக் மெஷினோடு வாழும் பெண்ணுக்கு இதில் இடமுண்டு, முப்பது டெய்லர் வைத்திருப்பவருக்கு இல்லை. சரி, வழக்கறிஞரைப் பிடிக்கலாம் என்றால் அங்கும் கவனம் வேண்டும்: 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர் சேவையை நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே வைத்தது. அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், வழக்கறிஞர்கள் இணையத் தளங்கள் வழியாக விளம்பரம் தேடுவதைக் கண்டித்து, பார் கவுன்சில் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது.

எம்எஸ்எம்இ சட்டம் 2006 கைகொடுக்காதா என்று கேட்கலாம். ஜாப் ஒர்க் செய்து கொடுத்தவருக்கு அது நல்ல ஆயுதம். ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் கூலி வர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனங்கள் அதற்கான அரசுத் தளத்தில் மனுப் போடலாம். ஆனால் துணியைக் கொடுத்து ஏமாந்தவர் அங்கே மனுதாரராகப் போக முடியாது. அவருக்கு இன்னொரு இடியும் உண்டு: ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி ஜிஎஸ்டி துறை வரி கேட்கும். டெலிவரி சலான் இல்லாமல் மூட்டையை ஏற்றி அனுப்பியவருக்கு, போன துணி எவ்வளவு என்று நிரூபிக்கவே வழியில்லை.

மிச்சமிருப்பது சிவில் வழக்கும் காவல்நிலையமும். வாக்குத் தவறியது மட்டும் மோசடிக் குற்றம் ஆகாது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும் என்பது நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விதி. முன்கூட்டிப் பதிவேடு பார்த்ததன் இன்னொரு பயன் இங்கேதான் வெளிப்படுகிறது. அவர் காட்டிய ரத்தான ஜிஎஸ்டி எண், இல்லாத முகவரி, வேறொருவர் பெயரிலான கணக்கு ஆகியவை தொடக்க எண்ணத்துக்குச் சாட்சிகள். ஜிஎஸ்எம், ஷேட், அளவு, தேதி, கூலி ஆகியவற்றை ஒரு ஒர்க் ஆர்டரில் எழுதி வாட்ஸ்அப்பிலாவது ஒப்புதல் வாங்கியிருந்தால் அதுவும் சேரும். மின்னணுச் சான்றுக்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு ஒரு சான்றிதழ் கேட்கிறது. எனவே உரையாடலை அழிக்கவோ கைபேசியை மாற்றிவிடவோ கூடாது. பணம் ஆன்லைனில் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே சொல்ல வேண்டும். கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் தாவுவதற்குள் நிறுத்திவைக்கத்தான் அந்த எண்.

இவ்வளவும் கம்பெனி வைத்திருப்பவர்களின் கவலை. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து தைக்கும் தொழிலாளி தேடும் நிபுணர் வேறு: பிஎஃப் எடுத்துத் தரும் ஏஜென்ட். தேடலில் நூறு பேர் வருவார்கள். கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பார்கள், ஆதாரோடு ஓடிபியும் கேட்பார்கள். அந்த ஓடிபி இல்லாமல் ஏஜென்டால் ஆன்லைனில் எதுவும் அனுப்ப முடியாது. தொழிலாளியின் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணோடு ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருந்தால் போதும். அதே ஓடிபியை உமங் செயலியில் தட்டி, அதே விண்ணப்பத்தைத் தொழிலாளியே அனுப்பலாம். பிஎஃப் அலுவலகம் அதற்கு ஒரு ரூபாய்கூடக் கேட்பதில்லை.