நூல் தேடிச் சென்னை போவோர்க்கு ஒரு நாட்கணக்கு

பழைய முஸ்லிம் தமிழ் அச்சு நூல்களைத் தேடும் நம்மவர் பலர் ஒருநாள் சென்னைக்குப் போகவே வேண்டியிருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், இன்னும் சில. எத்தனை நாள் தங்குவது, எவ்வளவு காசு கொண்டுபோவது என்று இளைய ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். பட்டறிந்ததைச் சொல்கிறேன்.

முதன்முறை நான் பத்து நாளைக்குப் போனேன். ஏன் பத்து? அந்தத் திகதிக்கு டிக்கட் மலிவு, அவ்வளவுதான். 300 பக்கக் கிஸ்ஸா நூலொன்று கிடைத்தது. தாள் நொறுங்கும் நிலை. நகலெடுக்க முடியாது, கையால்தான் எழுத வேண்டும். ஏழு வேலைநாளில் 84 பக்கம் எழுதிவிட்டு, மனமில்லாமல் மூடிவைத்து வந்தேன்.

அந்தத் தோல்விதான் அளவுகோலைத் தந்தது: நாளொன்றுக்கு 12 பக்கம். மிச்சம் 216 பக்கத்துக்கு 18 நாள். ஆசிரியனுக்கு அவ்வளவு நீண்ட ஓய்வு நோன்பு விடுமுறையில்தான். (அரச ஊழியர் விடுமுறையிலும் வெளிநாடு செல்ல முன்அனுமதி பெறவேண்டும், மறந்துவிடாதீர்கள்.) 2024 மார்ச் 12 முதல் ஏப்ரல் 8 வரை 28 நாள். ஞாயிறு 4, பெரிய வெள்ளி 1, போகவர 2 கழித்தால் 21. அதில் ஜும்ஆவுடைய 3 வெள்ளி அரைநாள். ஆக, பத்தொன்பதரை.

அறைவாடகையோ ஞாயிறும் ஓடும். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் மலிவு. ஆனால் வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணித்தியாலத்துக்குள் அவர்கள் விபரத்தைப் பதிய வேண்டும் என்பதால் பலர் நம் பாஸ்போட்டைக் கண்டதும் கையை விரிக்கிறார்கள். புறப்படுமுன்னே கேட்டுவிடுங்கள். எனக்கு 900 இந்திய ரூபாவில் அறை கிடைத்தது. 27 இரவுக்கு 24,300. அன்றைய மாற்றுவீதம் ஏறத்தாழ 3.60, நம் காசில் 87,000 தாண்டியது. வேலைநாளுக்குப் பிரித்துப் பாருங்கள்: 900 ரூபா அறை 1,246 ரூபா அறையாகிறது. மற்றச் செலவு சின்னது. பறக்கும் ரயில் திருவல்லிக்கேணியிலிருந்து நேரே தரமணி போகும். நோன்பு திறக்கப் பள்ளியில் கஞ்சி. ஸஹருக்குத்தான் காசு.

கணக்கை எழுதி வீட்டில் காட்டினேன். "நீங்க அங்க செலவழிக்கிறத்த மட்டும் எழுதிரிக்கீங்க. நோம்பு மாசத்துல எங்கட செலவு? புள்ளைகள்ட பெருநாள் உடுப்பு?" என்றாள் மனைவி. அந்தப் பகுதியே என் தாளில் இல்லை. அதைச் சேர்த்தபின் இரண்டாவது நூலகத்தைப் பட்டியலிலிருந்து வெட்டினேன்.

ஒன்று பிழைத்தது. நோன்போடு பிற்பகலில் கண் சொருகும் என்பதை நான் கணிக்கவில்லை. ஒன்றரை நாள் ஒதுக்கம் வைத்தும் 11 பக்கம் மிஞ்சியது. சென்னை நண்பரொருவர் பின்னர் எழுதி அனுப்பினார். அவருடைய படியில் இரண்டு அடிகளில் எனக்கு இன்னும் ஐயம்.