ஹாம் ரேடியோ: மீட்டர் 'ஓகே' சொல்லியும் சிக்னல் போகாதது ஏன்?

2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானில் தொலைத்தொடர்பு முடங்கியபோது, வெளியுலகுக்குத் தகவல் அனுப்ப உதவியவர்கள் அங்கிருந்த ஹாம் ரேடியோ ஆர்வலர்கள். செல்போன் டவர் விழுந்தாலும் இந்த ரேடியோ பேசும். ஆனால் ஆன்டெனாவைச் சரியாக இணைத்திருந்தால் மட்டுமே!

செங்குத்து ஆன்டெனா எப்படி வேலை செய்கிறது?

அலைநீளத்தில் கால் பங்கு உயரமுள்ள ஒரு உலோகக் கம்பி. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 10 மீட்டர், 145 மெகாஹெர்ட்ஸுக்கு வெறும் 49 செ.மீ. கேபிளின் நடுக்கம்பி இதன் அடியில் சேரும். வெளிவலை, தரையில் பரப்பிய 'ரேடியல்' கம்பிகளோடு சேரும். ரேடியல்தான் ஆன்டெனாவின் மறுபாதி. அது இல்லையென்றால் கேபிளின் வெளிப்புறமே ஆன்டெனாவாக மாறிவிடும்.

இம்பீடன்ஸ் பொருத்தம் எதற்கு?

ரேடியோவும் கேபிளும் 50 ஓம். நல்ல தரை அமைப்பு உள்ள கால் அலை ஆன்டெனா சுமார் 36 ஓம். இரண்டும் பொருந்தாதபோது, கிணற்றுச் சுவரில் மோதிய அலை போல மின்சக்தியில் ஒரு பகுதி திரும்பி வரும். இதைக் காட்டும் அளவுதான் எஸ்.டபிள்யூ.ஆர். இங்கே அது 1.4. திரும்புவது சுமார் 3% மட்டுமே, பயப்பட வேண்டாம். அதுவே 3 ஆனால் 25% திரும்பும்.

அப்போ 1 வந்தால் சூப்பரா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நாலைந்து ரேடியல் மட்டும் போட்டால், மண்ணில் ஏற்படும் இழப்பு 14 ஓம் வரை சேரலாம். 36-உடன் 14 சேர்ந்தால் சரியாக 50. மீட்டர் 1 காட்டும். ஆனால் சக்தியில் 28% மண்ணைச் சூடாக்கியே வீணாகும்! ரேடியலைக் கூட்டினால் மீட்டர் 1.4-க்கு ஏறும், சிக்னலோ பலமாகும்.

சரி, என்ன செய்யலாம்?

* முதலில் ரேடியல்களைக் கூட்டுங்கள். பொருத்தம் பார்ப்பது அதற்குப் பிறகு.
* மாடியில் வைக்கும் சிறிய ஆன்டெனாவுக்கு ரேடியல்களை 45 டிகிரி கீழே சாய்த்தால் 50 ஓம் பக்கத்தில் வந்துவிடும்.
* கம்பியைக் கொஞ்சம் நீளமாக விட்டு, பார்த்துப் பார்த்து வெட்டுங்கள். வெட்டுவது எளிது, ஒட்டுவதுதான் கஷ்டம்.
* ரேடியோ பக்கத்தில் வைக்கும் ட்யூனர் ரேடியோவைக் காப்பாற்றும். கேபிளில் நடக்கும் இழப்பை அது சரிசெய்யாது. பொருத்தும் சுருளை ஆன்டெனாவின் அடியிலேயே வைப்பது நல்லது.

இந்தியாவில் ஹாம் ரேடியோவில் பேச, தேர்வு எழுதி மத்திய அரசின் உரிமம் பெற வேண்டும். ஆன்டெனாவை நிறுத்தும் முன் அதை முடித்துவிடுங்கள்.