ஊர்விலக்கு செய்தால் 3 ஆண்டு ஜெயில்!
மராட்டியத்தில் அமலில் உள்ள தனிச் சட்டம்

அடி இல்லை, உதை இல்லை, ரத்தக் காயம் இல்லை. ஆனாலும் ஒரு குடும்பம் உயிரோடு செத்துவிடும். அதுதான் ஊர்விலக்கு.

நெல்லைச் சீமையில் இருந்து வந்து தாராவியிலும் செம்பூரிலும் குடியேறிய நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவை இல்லை. ஊர்க்கூட்டம் கூடும். நாட்டாமை அபராதம் போடுவார். கட்ட மறுத்தால் கடையில் உப்புகூடக் கிடைக்காது. நல்லது கெட்டதற்கு யாரும் வாசலை மிதிக்க மாட்டார்கள்.

மராட்டியத்தில் இதற்கு "பஹிஷ்கார்" என்று பெயர். தீர்ப்புச் சொல்வது "ஜாத் பஞ்சாயத்து". கொங்கணப் பகுதியில் "காவ்கி" என்பார்கள். அங்கே ராய்கட் மாவட்டத்தில் இருந்து புகார்கள் குவிந்தன. சாதி மாறித் திருமணம் செய்தவர்களும், பஞ்சாயத்தை மீறி கோர்ட்டுக்குப் போனவர்களும் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். போலீசுக்குப் போனால், பேசாமல் இருப்பது எந்தப் பிரிவில் குற்றம் என்ற கேள்விதான் மிஞ்சியது.

விழுந்த சட்டம்

இந்தக் கேள்விக்கு 1949-லேயே பம்பாய் மாகாண அரசு பதில் சொன்னது. சமூகத்தில் இருந்து ஒருவரை விலக்கி வைப்பது செல்லாது என்று சட்டம் செய்தது. தாவூதி போரா முஸ்லிம்களின் தலைவர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1962-ல் சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகளில் 4 பேர் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். மத விவகாரங்களை நடத்தும் உரிமையில் விலக்கி வைக்கும் அதிகாரமும் அடங்கும் என்பது அவர்கள் கருத்து. அந்த நால்வரில் ஒருவர், சென்னை ஐகோர்ட்டில் இருந்து சென்ற ராஜகோபால அய்யங்கார்.

தலைமை நீதிபதி சின்கா மட்டும் உடன்படவில்லை. விலக்கப்பட்டவனின் நிலை தீண்டத்தகாதவன் நிலைதானே என்று எண்ணினார். அவர் பக்கமே நியாயம் என்று நமக்குத் தோன்றுகிறது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற கேள்வியை 2023-ல் சுப்ரீம் கோர்ட்டே 9 நீதிபதிகள் கொண்ட பெஞ்சுக்கு அனுப்பியது.

புதிய சட்டம்

2013-ல் நாசிக்கில் வேறு சாதியில் மணம் முடித்த கர்ப்பிணிப் பெண் தந்தையாலேயே கொல்லப்பட்டாள். அதன்பின் சாதிப் பஞ்சாயத்துகளுக்கு எதிராக மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கம் கிளம்பியது. அதை வழிநடத்திய டாக்டர் நரேந்திர தாபோல்கர் அதே ஆண்டு ஆகஸ்டு 20-ந்தேதி புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். தோழர்கள் ஓயவில்லை. 2016 ஏப்ரல் 13-ந்தேதி, அம்பேத்கரின் 125-வது பிறந்தநாளுக்கு முதல் நாள், மராட்டிய சட்டசபையில் சமூக விலக்குத் தடை மசோதா நிறைவேறியது. ஜனாதிபதியின் ஒப்புதலுக்குப் பின் 2017 ஜூலையில் அமலுக்கு வந்தது.

தண்டனை 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தீர்ப்புச் சொன்ன பெரிய மனிதர் மட்டும் அல்ல. துணை போனவரும் குற்றவாளிதான். அபராதப் பணத்தை பாதிக்கப்பட்டவருக்கே நஷ்டஈடாகக் கொடுக்க கோர்ட்டு உத்தரவிடலாம். குற்றப்பத்திரிகை தாக்கலான 6 மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும். கூட்டம் கூடப் போவது தெரிந்தால் முன்கூட்டியே தடை போடவும் வழி உண்டு.

ஓட்டையும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் சம்மதித்து, கோர்ட்டும் அனுமதித்தால், வழக்கைச் சமரசமாக முடித்துக் கொள்ளலாம். ஊரே எதிரே நிற்கும்போது அந்தச் சம்மதம் எப்படி வாங்கப்படும் என்று சொல்ல வேண்டுமா? குற்றம் ஜாமீனில் விடக்கூடியது. இன்று புகார் கொடுத்தவர் நாளையும் அதே தெருவில்தான் குடியிருக்க வேண்டும்.

பதிவு செய்யாத அமைப்பானாலும் சாதிப் பஞ்சாயத்தாக நடந்துகொண்டால் இந்தச் சட்டம் பாயும். எந்த மொழிக்காரர் என்ற பேதம் இல்லை. ஆகவே பம்பாயில் நம்மவர் நடத்தும் சாதிச் சங்கம் ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைத்தால், அந்தக் குடும்பம் போலீஸ் நிலையத்திலோ மாஜிஸ்திரேட்டிடமோ புகார் கொடுக்கலாம். ஆனால் இது மராட்டிய மாநிலத்துக்கான சட்டம். விடுமுறையில் சொந்த ஊருக்குப் போகும்போது இந்தப் பாதுகாப்பு கூடவே ரெயில் ஏறி வராது.