உத்தியோகமும் உடற்பருமனும்

லண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் ஊழியம் புரிந்த ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்த ஜெர்ரி மாரிஸ் என்னும் வைத்திய நிபுணர், நாள் முழுதும் ஆசனத்தில் அமர்ந்தே இருந்த ஓட்டுநரிடையே மாரடைப்பு மிகுதியென்றும், டிக்கெட் கொடுப்பதற்காகத் தினமும் 500 முதல் 750 படிகள் வரை ஏறிய நடத்துநரிடையே அது குறைவென்றும் 1953ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதோடு நில்லாமல், அவர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுக் குறிப்புகளையும் தேடியெடுத்து, ஓட்டுநரின் கால்சட்டைகள் இடுப்பில் அகன்றிருந்ததை 1956இல் எடுத்துக் காட்டினார். வேலைதான் இடுப்பைப் பெருக்கியதா, பெருத்தவரே அந்த வேலையை நாடினரா என்ற வாதம் பின்னர் எழுந்ததுண்டு. ஆயினும் உத்தியோகத்துக்கும் சரீரத்துக்கும் உள்ள சம்பந்தத்தை அதன்பின் எவரும் அலட்சியம் செய்ய இயலவில்லை.

நம் ஊர் அலுவலகங்களில் பிற்பகல் நான்கு மணிக்கு வரும் எவர்சில்வர் கேனைப் பாருங்கள்: தேநீரில் சர்க்கரை முன்கூட்டியே கலந்திருக்கும், வேண்டாமென்பவருக்கு வேறு தேநீர் கிடையாது, கூடவே மெதுவடையும் வாழைக்காய் பஜ்ஜியும் வரும், இவற்றை வாங்க எழுந்து நடக்கும் சிரமங்கூட இல்லாதபடி மேஜைக்கே கொணர்ந்து கொடுக்க ஒரு சிப்பந்தியும் இருப்பார். இந்தியருக்கு உடல்நிறைக் குறியீடு 23ஐ எட்டினாலே மிகை எடை, 25 ஆனால் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டினால் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் நெருங்கிவிட்டனவென்று கொள்ளலாம்.

இதற்கு நிர்வாகங்கள் வழக்கமாகச் செய்யும் பரிகாரம் ஒரு சொற்பொழிவும் ஒரு துண்டுப் பிரசுரமுமே. அமெரிக்காவில் பல கிளைகளையுடைய ஒரு வாணிப நிறுவனத்தின் ஏறத்தாழ 33,000 ஊழியரிடையே நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியப் பிரசாரம் நடந்த கிளைகளில் எடையைக் கவனித்துக்கொள்வதாகச் சொன்னவர்கள் பெருகினரேயன்றி, 18 மாதங்களுக்குப் பின்னும் உடல்நிறைக் குறியீட்டில் குறிப்பிடத்தக்க பேதம் எதுவும் தென்படவில்லை. உபதேசம் மட்டும் போதாது. உண்ணும் பண்டமும் உட்காரும் நேரமும் மாறவேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

அந்த மாறுதலைக் கோர ஊழியருக்குப் பாத்தியதை உண்டு. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவுக்கூடம் அமைக்க வழிவகுத்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், அதன் நிர்வாகக் கமிட்டியில் தொழிலாளருக்குப் பிரதிநிதித்துவமும் வைத்தது. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றி 2020இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 100 ஆகக் குறைத்திருக்கிறது. கமிட்டிகள் பெரும்பாலும் விலை உயர்வைப் பற்றியே சண்டையிடுகின்றன. சர்க்கரையற்ற தேநீருக்கும், பஜ்ஜிக்குப் பதில் சுண்டலுக்கும், எண்ணெயின் அளவைக் குறைப்பதற்கும் அங்கே ஒருவர் வாய் திறந்தால் போதும். இவற்றைச் சட்டத்தைக் காட்டிப் பெற முடியாது, பேசித்தான் பெறவேண்டும்.

நின்றால் உடல் இளைக்கும் என்று சொல்லி நாற்காலிகளை அகற்றக் கிளம்பும் அதிமேதாவிகளும் உளர். கடைச் சிப்பந்திகள் வேலையினூடே உட்கார இருக்கை தரவேண்டுமென்று 2021இல் தமிழ்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டிருப்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். எழுத்தருக்கு வேண்டியது மணிக்கொருமுறை எழுந்து நடக்கும் சலுகை. ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு வேண்டியது உட்காரும் உரிமை.

எடை பார்க்கும் முகாம்களில் மற்றோர் அபாயம் உண்டு. வந்த எண்களைப் பலகையில் ஒட்டுவதும், பருத்தவரை மேலாளர் பரிகசிப்பதும், பதவி உயர்வில் அதைக் கணக்கில் கொள்வதும் எவ்விதத்திலும் நியாயமாகா. அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்த பின்னும், உடற்குறிப்பை யார் பார்ப்பார், எங்கே வைப்பார் என்று கேட்காமலே கையெழுத்திடுவோர் அநேகர். கேட்டுவிட்டே கையெழுத்திடுங்கள்.

உணவுக்கூடமோ இருக்கையோ மறுக்கப்பட்டால், ஆலையாயின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடமும், கடையாயின் தொழிலாளர் துறை ஆய்வாளரிடமும் எழுத்து மூலம் முறையிடலாம். தனியொருவர் பெயரில் கொடுப்பதைவிடப் பலர் கூடிக் கையொப்பமிட்டு, பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்வது உசிதம்.