துபாய் நாலரை மணித்தியாலம், கல்முனை எட்டு

துபாயிலிருந்து கட்டுநாயக்க ஆகாய வழியில் ஏறக்குறைய 3,290 கிலோமீற்றர். விமானம் நாலரை மணித்தியாலத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். கட்டுநாயக்கவிலிருந்து கல்முனை நேர்கோட்டில் 220 கிலோமீற்றர்கூட இல்லை. வேனில் வர ஏழு, எட்டு மணித்தியாலம் பிடிக்கும். பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று வீடுகளுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

முதலில் டிக்கெட்டைப் படிக்கும் முறை. புறப்படும் நேரம் அந்த நாட்டு நேரம், இறங்கும் நேரம் நம் நாட்டு நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால். சவூதியும் கட்டாரும் இரண்டரை. துபாயில் இரவு 10க்குக் கிளம்பி விடிய 4க்கு இறங்கினால் பயணம் ஆறு மணித்தியாலமல்ல, நாலரைதான். விமானம் உயரத்தில் மணிக்கு 850 கிலோமீற்றர் அளவில் பறந்தாலும், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் மேலேறுவதும் இறங்குவதும் அந்த நேரத்துக்குள் அடக்கம். குளிர்கால மாதங்களில் மேல்வானத்து மேல்காற்று வரும் விமானத்தைத் தள்ளிவிடும், போகும் விமானத்தை மறிக்கும். அதனால் போகும் பயணம் சற்று நீளும்.

தரைக்கணக்கு வேறு. நேர்கோடு மலைநாட்டை ஊடறுத்துப் போகும். வீதி அதைச் சுற்றி வளைந்துதான் வர வேண்டும். கண்டி வழியாக வருபவர்கள் ஹுன்னஸ்கிரிய தாண்டி, பதினெட்டு வளைவு இறங்கி, மஹியங்கனை, அம்பாறை பிடித்துக் கல்முனை சேர்கிறார்கள். அறுகம்பே போவோருக்குத் தோதானது தெற்கு அதிவேக வீதி. 2020இல் அது மத்தள வரை நீண்டது. சுற்றுத்தான், ஆனால் களைப்புக் குறைவு. அதில் மணிக்கு 100இல் ஓடிய வேன் வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ கடந்து லகுகலைக் காட்டுக்குள் வரும்போது மெதுவாகிவிடும். அந்திப்பட்டால் யானை வீதியோரம் நிற்கும். அனுபவப்பட்ட சாரதி ஹோர்ன் அடிக்கமாட்டார்; லைட்டைத் தாழ்த்தி, அது விலகும்வரை நிற்பார். அந்த நேரத்தை எந்த மெப்பும் கணக்கில் எடுப்பதில்லை.

இந்த எட்டு மணித்தியாலம் வெறும் அலுப்பென்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்குவது நம் வழக்கம். வாப்பா மௌத்தான செய்தி கேட்டு, கிடைத்த விமானத்தில் ஏறி, சுபஹோடு கட்டுநாயக்கவில் இறங்கும் மகன் லுஹர் முடிந்த பிறகுதான் ஊர் சேர்கிறான். கடல் தாண்டியவனை நம் வீதி மறித்துவிடுகிறது.

2013இல் திறந்த மத்தள விமான நிலையம் அறுகம்பேயிலிருந்து நேர்கோட்டில் 100 கிலோமீற்றர்தான். ஆனால் இடையில் யால, குமண காடுகள். பாணமை, உகந்தைக்கு அப்பால் அது கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் நடந்து கடக்கும் காடு. அதை வெட்டி வீதி கேட்பது நியாயமில்லை.

கேட்க வேண்டியது மட்டக்களப்பை. கல்முனையிலிருந்து சுமார் 40 கிலோமீற்றரில் அங்கே ஓடுபாதை இருக்கிறது. ரயில் பாதையும் அங்கேயே முடிந்துவிடுவதால் அம்பாறைக் கரைக்கு ரயில் கிடையாது. கட்டுநாயக்கவிலிருந்து மட்டக்களப்பு நேர்கோட்டில் சுமார் 200 கிலோமீற்றர். சிறிய விமானத்துக்கு ஒரு மணித்தியாலம் போதும். வளைகுடா விமானங்கள் இறங்கும் விடியற்காலையோடு ஒத்து, சாதாரணக் குடும்பம் கொடுக்கக்கூடிய கட்டணத்தில், நாளாந்தம் ஒரு சேவை வேண்டும். சுற்றுலாவுக்கென்று மட்டும் அதைத் திட்டமிட்டால் சீசன் முடிந்ததும் நின்றுபோகும். ஊர் திரும்பும் தொழிலாளியை வைத்துத் திட்டமிட்டால் பன்னிரண்டு மாதமும் ஆள் இருக்கும்.