குனிஞ்சு பறிச்சாத்தான் தெரியும்: ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் ஒரு சனிக்கிழமை

"இன்னும் எவ்ளோ தூரம்மா?"

சான்டா குரூஸைத் தாண்டி ஹைவே ஒன்றில் வடக்கே திரும்பியதிலிருந்து சின்னவன் ஆறாவது முறையாகக் கேட்கிறான். இடது பக்கம் கடல், வலது பக்கம் வயல். ஜூன் மாதம் என்றுதான் பேர். வெளியே ஒரே பனிமூட்டம். ஃப்ரீமான்ட்டிலிருந்து அரைக்கைச் சட்டையோடு கிளம்பிய நாங்கள், இறங்கியதும் வண்டிக்குள் ஸ்வெட்டரைத் தேட ஆரம்பித்தோம்.

நானும் கணவரும், பத்து வயசுப் பெரியவள், ஆறு வயசுச் சின்னவன், கூட என் அம்மா. வருஷா வருஷம் மே, ஜூன் வந்தால் பிள்ளைகளின் வகுப்பு அம்மாக்கள் போட்டோ அனுப்புவார்கள்: கையில் பெட்டி, கன்னத்தில் சிவப்புச் சாறு. "நாமளும் ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்" என்றுதான் கிளம்பினோம். வேறு பெரிய நோக்கம் எதுவும் இல்லை.

நாங்கள் போனது டேவன்போர்ட் பக்கத்தில் இருக்கும் ஸ்வான்டன் பெரி ஃபார்ம். ஜிம் காக்ரன் என்பவர் 1983-ல் ஆரம்பித்த பண்ணை. 1987-ல் கலிஃபோர்னியாவிலேயே முதன்முதலாக இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் வாங்கிய ஸ்ட்ராபெரிப் பண்ணை இதுதான். மண் களைத்துப் போகாமல் இருக்க ஸ்ட்ராபெரியையும் பிராக்கொலியையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்.

காய், செங்காய், பழம்

பாத்தியில் இறங்கியதும் சின்னவன் ஒன்றைக் காட்டினான். நுனி சிவப்பு, காம்புப் பக்கம் வெள்ளை.

"பாட்டி, இது ரெடியா?"

"அது செங்காய்டா கண்ணா. இன்னும் பழுக்கல."

செங்காய்! நானே மறந்துபோன சொல். காய்க்கும் பழத்துக்கும் நடுவில் இருப்பது. மாங்காயைச் செங்காயாகப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுத்துவிடும். ஸ்ட்ராபெரி அப்படி இல்லை. செடியை விட்டுப் பிரிந்த பிறகு நிறம் கொஞ்சம் கூடலாம், இனிப்பு ஏறாது. அதனால் காம்பு வரைக்கும் முழுசாகச் சிவந்ததை மட்டும் பறிக்க வேண்டும். பழத்தைப் பிடித்து இழுக்காமல், அதற்கு மேலே காம்பை நகத்தால் கிள்ளினால் போதும். பச்சைத் தொப்பி பழத்தோடு வந்துவிடும்.

இன்னொரு விஷயம் பெரியவளுக்கு ரொம்பப் பிடித்தது. மேலே புள்ளி புள்ளியாக இருப்பதை நாம் விதை என்கிறோம் இல்லையா? உண்மையில் அந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனிக் கனி. விதை அதற்குள் இருக்கிறது. நாம் சாப்பிடும் சிவப்புச் சதை, பூவின் அடிப்பாகம் பருத்து வந்தது.

இருபது நிமிஷத்தில் இடுப்பு

முதல் இருபது நிமிஷம் ஒரே கும்மாளம். அப்புறம் பெரியவள் நிமிர்ந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, முதுகு வலிக்குது. இதை நாள் பூரா யாராவது செய்வாங்களா?"

செய்கிறார்கள். அமெரிக்காவில் விளையும் ஸ்ட்ராபெரியில் பத்தில் ஒன்பது பங்கு கலிஃபோர்னியாவில்தான் விளைகிறது. அதில் பெரும்பகுதியைப் பறிப்பது இன்னும் மனிதக் கைதான். நாங்கள் நின்ற இடத்துக்குத் தெற்கே வாட்சன்வில், சலீனாஸ் பக்கம் வயல்களில் குனிந்திருப்பவர்களில் நிறையப் பேர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். ஒஹாக்கா மாநிலத்து மிஸ்டெக் மக்களும் அவர்களில் உண்டு. அவர்களுடைய தாய்மொழி ஸ்பானிஷ்கூட இல்லை. பல இடங்களில் எத்தனை பெட்டி பறித்தார்கள் என்பதை வைத்துக் கூலி.

கடையில் வாங்கும் பிளாஸ்டிக் டப்பா இருக்கிறதே, அதில் பழத்தை வயலிலேயே அடுக்கிவிடுகிறார்கள். நடுவில் கழுவுவதில்லை, கழுவினால் அழுகிவிடும். நாம் டப்பாவைத் திறக்கும்போது, நமக்கு முன்னால் அந்தப் பழத்தைத் தொட்ட கை பெரும்பாலும் வயலில் பறித்த அந்தக் கைதான்.

குட்டைக் கைப்பிடி மண்வெட்டி என்று ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க இரண்டாக மடிந்து வேலை செய்து, முதுகு போனவர்கள் ஏராளம். தொழிலாளர்களும் அவர்களுடைய வழக்கறிஞர்களும் போராடி, 1975-ல்தான் கலிஃபோர்னியாவில் அது தடை செய்யப்பட்டது. ஸ்வான்டன் பண்ணை 1998-ல் யுனைடட் ஃபார்ம் வொர்க்கர்ஸ் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. இயற்கைப் பண்ணைகளில் அப்படிச் செய்த முதல் பண்ணை.

வரப்பில் நின்றவர்கள்

இதையெல்லாம் சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பினேன். அம்மாவுக்கு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். "நம்ம ஊர் நடவும் இப்படித்தானேம்மா இருக்கும்? பிள்ளைங்களுக்குச் சொல்லேன்." ஒரு அழகான கிராமத்துக் கதை வரும் என்று எதிர்பார்த்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கு எப்படிடி தெரியும்? நான் ஒரு நாள்கூட சேத்துல இறங்கினதில்ல. வரப்புல நின்னு பாத்ததோட சரி. நட்டதெல்லாம் கீழத்தெருப் பொம்பளைங்க."

பெரியவள் விடவில்லை. போன வருஷம் ஸ்கூலில் குடும்ப வரலாறு பற்றி எழுதச் சொன்னபோது 'நாங்கள் விவசாயக் குடும்பம்' என்று எழுதியவள் அவள். சொல்லிக் கொடுத்தது நான்.

"அப்போ நாம ஃபார்மர்ஸ் இல்லையா பாட்டி?"

"நிலம் நம்மளுது. வேலை அவங்களுது." அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அவங்க பேருகூட எனக்கு ரெண்டு மூணுதான் ஞாபகம் இருக்கு."

கீழத்தெரு என்றால் என்ன, ஏன் அவர்கள் மட்டும் அங்கே இருந்தார்கள் என்று வண்டியில் ஏறியதும் பெரியவள் ஆரம்பித்தாள். சாதி என்ற சொல்லை அவளிடம் நான் முதல்முறை பேசியது அன்றைக்குத்தான். தடுமாறித்தான் சொன்னேன். ஆனால் முதுகு வலியோடு உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு, புத்தகத்தில் படித்திருந்தால் புரிவதைவிட நன்றாகவே புரிந்தது.

போகிறவர்களுக்கு

கலிஃபோர்னியா கடலோரத்தில் ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை பழம் கிடைக்கும். ஸ்வெட்டர் மறக்காதீர்கள். நியூஜெர்சியில் காலம் குறைவு: மே பிற்பகுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை மூன்று நாலு வாரம்தான். பிரின்ஸ்டன் பக்கம் டெர்ஹூன் ஆர்ச்சர்ட்ஸ், செஸ்டரில் ஆல்ஸ்டீட் ஃபார்ம்ஸ் போகலாம். டெக்சாஸில் வெயிலுக்கு முன்னால் முடிந்துவிடும். மார்ச், ஏப்ரலிலேயே கிளம்புங்கள். ஆஸ்டின்காரர்களுக்கு மார்பிள் ஃபால்ஸில் ஸ்வீட் பெரி ஃபார்ம் இருக்கிறது. சான் அன்டோனியோவுக்குத் தெற்கே போட்டீட் ஊரில் 1948 முதல் ஏப்ரலில் ஸ்ட்ராபெரித் திருவிழா நடக்கிறது. எங்கே போனாலும், பழம் இருக்கிறதா, பறிக்க விடுகிறார்களா என்று அன்று காலையில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். ஆழமான வாளியில் போட்டால் அடியில் உள்ளது நசுங்கும். தட்டையான பெட்டிதான் சரி. சாப்பிடும்போது மட்டும் கழுவுங்கள். மிஞ்சியதைக் கழுவி, துடைத்து, காம்பு நீக்கி, தட்டில் பரப்பி உறைய வைத்து, பிறகு பையில் போட்டால் மாதக்கணக்கில் இருக்கும். அதிகம் கனிந்ததை வெல்லம், கடுகு, மிளகாய் வற்றல் சேர்த்து மாங்காய்ப் பச்சடி மாதிரியே செய்யலாம். எங்கள் வீட்டில் தோசைக்கு அதுதான் ஒரு வாரம் ஓடியது.

அன்று ராத்திரி அம்மா ஊருக்கு, மாமாவுக்கு போன் போட்டாள். "நம்ம வயல்ல நட்டவங்க பேரெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்காடா?" என்று கேட்டாள். பெரியவள் பக்கத்தில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். அஞ்சு பேர் கிடைத்தது.