சிவப்பு எச்சரிக்கை நாளில் பேர் யார் போடுவது?

மழைக்காலத்தில் வானொலி வாசிக்கும் ஒரு பட்டியல் எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம்: இரத்தினபுரி, எலபாத்த, குருவிட்ட, எஹெலியகொட, நிவித்திகல, பெல்மதுளை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கை அது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தம், 150 ஆனால் வெளியேற்றம். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று புவியியல் டீச்சரான நான் கரும்பலகையில் எழுதிவிடுவேன். பிள்ளைகளும் பரீட்சையில் எழுதிவிடுவார்கள்.

சிவப்பு வந்தால் பாடசாலைதான் முகாம். மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் லயத்துச் சனம் வகுப்பறையில் பாய் விரித்துப் படுக்கும். விடிவதற்குள் பாதிப் பேரைக் காணவில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. “மண்ணு சரியுமோ சரியாதோ தெரியாது டீச்சர். பேர் போறது நிச்சயந்தானே” என்றார் கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா.

சுற்றாடல் என்றதும் நாம் வழக்கமாகக் காடு, யானை, பிளாஸ்டிக் என்று தொடங்குவோம். சுற்றாடல் நீதி அந்த அக்காவின் கணக்கிலிருந்து தொடங்குகிறது. ஒரு நாட்டின் அழுக்கும் ஆபத்தும் யார் தலையில் விழுகின்றன? ஆதாயம் யார் கைக்குப் போகிறது? அதைத் தீர்மானித்தபோது யாரைக் கேட்டார்கள்?

இந்தக் கேள்விகள் ஓர் இயக்கமாக உருவெடுத்தது அமெரிக்காவில். 1982இல் வட கரோலைனா மாநிலத்தின் வாரன் கவுண்டியில், பிசிபி என்ற நச்சு இரசாயனம் கலந்த மண்ணைப் புதைக்க அரசாங்கம் இடம் தேர்ந்தெடுத்தது. அங்கே பெரும்பான்மையாக வாழ்ந்தவர்கள் ஏழைக் கறுப்பின மக்கள். லொறிகளை மறித்து வீதியில் படுத்த 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஆனாலும் மண் அங்கேயே புதைக்கப்பட்டது. 1987இல் ஐக்கிய கிறிஸ்து திருச்சபையின் ஆணைக்குழு நாடு முழுவதும் ஆராய்ந்து, கழிவுக் கிடங்கு எங்கே இருக்கும் என்பதை வருமானத்தைவிட இனமே தெளிவாகக் காட்டுகிறது என்று சொன்னது. உடனே ஒரு விவாதம் கிளம்பியது. ஏழைகள் இருந்த இடம் தேடிக் கிடங்கு வந்ததா, கிடங்கு வந்து காணி விலை இறங்கியதால் ஏழைகள் வந்து சேர்ந்தார்களா? ஆய்வாளர்கள் இன்னும் இதில் ஒத்துப்போகவில்லை.

தோட்டத்தில் அந்த விவாதத்துக்கே இடமில்லை. லயத்தை எந்தச் சரிவில் கட்டுவது என்று துரைமார் முடிவெடுத்தார்கள், எங்கள் பாட்டன்மார் குடியேறினார்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் போனது. கை மாறிய எந்தத் தடவையும் லயன் காம்பராவுக்குள் இருப்பவர் கைக்குக் காணி உறுதி வரவில்லை. கேட்கும் குரலும் அவர்களுக்கு இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அந்தக் கணக்கைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

என் அப்பா கான் வெட்டியவர். சரிவுக்குக் குறுக்கே நீளும் அந்தக் கானில் ஓடும் தண்ணீர் வேகம் அடங்கி, வண்டலை நடுவிலுள்ள சிறு குழிகளில் விட்டுவிட்டு, ஓடைக்குப் போய்ச் சேரும். கான் தூர்ந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். ஊறிய மண் பாரம் கூடி, அடியிலுள்ள பாறையில் பிடி விடும். மழை வானத்திலிருந்து வருகிறது, சரி. கானைத் துப்புரவாக்க எத்தனை ஆளைப் போடுவது என்ற முடிவு வருவது தோட்டத்து ஒபிஸிலிருந்து.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயன்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டோ காணாமலோ போனார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். சனம் போகவில்லை என்றது ஒரு தரப்பு, போக இடம் எங்கே தந்தார்கள் என்றது மறு தரப்பு. 2016 மே 17 அன்று, எங்கள் மாகாணத்திலேயே, கேகாலை மாவட்டத்துப் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் 16 பேர் புதையுண்டார்கள். அதே நாள் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிங்களக் கிராமங்களை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள்.

“மழை தமிழன், சிங்களவன் என்று பார்க்கிறதா? இதில் அநீதி எங்கே?” என்று சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். வேண்டுமென்று ஒருவரும் மலையைத் தள்ளிவிடவில்லை. ஆனால் உள்நோக்கம் இருந்தால்தான் அநீதியா, விளைவு ஒரே பக்கம் சாய்ந்திருப்பதே போதாதா என்பது இந்தத் துறையின் மூத்த விவாதம். நான் விளைவைப் பார்ப்பவள். கிராமத்தவருக்கும் தோட்டத்தவருக்கும் துக்கம் ஒன்றுதான். ஆனால் காணி உறுதி உள்ளவர் இழப்பை எழுதிக்கொண்டுபோய் ஒரு கந்தோரில் கேட்கலாம். கம்பனிக் காணியில், சொந்தமில்லாத காம்பராவில் இருந்தவர் என்னவென்று எழுதுவார்? காலநிலை மாநாடுகளில் சின்ன நாடுகள் கேட்பதும் இதையேதான். புகை விட்டவர் ஒருவர், வெள்ளத்தில் நிற்பவர் இன்னொருவர் என்றால் செலவு யாருடையது?

அடுத்தது, முடிவெடுப்பதில் பங்கு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை வேலை செய்வதற்குத் தடையாகவே இருந்தது. வாக்களித்த சபையிடம் லயத்துக்கு ஒரு பாதையோ கானோ கேட்க முடியாமல் இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. பெரிய திட்டமொன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டறிக்கையைப் பார்த்துக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாள் உண்டு. கடிதம்கூடத் தோட்டத்து ஒபிஸ் வழியாக வரும் லயத்தில், அந்த அறிவித்தல் எத்தனையாவது நாள் வந்து சேரும்?

தொழிலா சுற்றாடலா என்ற இழுபறியும் இருக்கிறது. 2015இல் கிளைபோசேட் களைகொல்லியை அரசாங்கம் தடை செய்தது. ரஜரட்ட விவசாயிகளின் சிறுநீரக நோயே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். களை முற்றுகிறது, செலவு ஏறுகிறது என்று கம்பனிகள் வாதாடின. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் தடை விலகியது. விஞ்ஞானிகள், அமைச்சர்கள், ஏற்றுமதியாளர்கள் எல்லாரும் பேசினார்கள். முதுகில் தாங்கியைச் சுமந்து மருந்தடிக்கிறவரின் கருத்தைச் செய்தித்தாளில் தேடிக் களைத்துப்போனேன். கேட்டிருந்தால் அவர்களும் ஒரே பதிலைச் சொல்லியிருக்க மாட்டார்கள். மருந்தில்லாத மலையில் புல் வெட்ட ஆள் வேண்டும், அது பேர். ஆளைக் குறைத்த தோட்டத்தில் அதுவே கூடுதல் முதுகுவலி.

இடம்பெயர்வும் அப்படித்தான். மீரியபெத்தைச் சனத்துக்கு 2016இல் வேறிடத்தில் வீடுகள் கிடைத்தன. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்பது மலையக வீடமைப்பின் கொள்கையானது. நல்ல காரியந்தான். ஆனால் புது வீடு வேலை செய்யும் மலைக்குத் தூரமாகிவிட்டால் விடியற்காலை நடையும் பிள்ளைக் காம்பராவும் மீண்டும் பெண்கள் தலையில்தான் விழும். பாதுகாப்பான இடம் என்று படத்தில் குறிப்பவர், பெரட்டுக்குப் போகும் பாதையையும் சேர்த்துக் குறித்தால்தான் அது நீதி.

நீதிமன்றம் உதவாதா? உதவியிருக்கிறது. எப்பாவல பொஸ்பேட் வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெயால் கிணறுகள் மாசடைந்த வழக்கில், 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்துமாறு 2019இல் கம்பனிக்கு உத்தரவிட்டது. அங்கே மாசாக்கியவரை விரல் நீட்டிக் காட்ட முடிந்தது. மழையைக் கூண்டில் ஏற்ற முடியாது. தாமதித்த அறிக்கையை, தூர்ந்த கானை, ஒதுக்காத காணியைக் கேள்வி கேட்கலாம்.

அதற்கு ஒரு கருவி கையில் இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிரதேச செயலகத்துக்கு அனுப்ப உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு எழுதிய கேள்விகள் இவை, உங்கள் தோட்டத்துக்கும் பொருந்தும். எங்கள் டிவிஷனில் எந்தெந்த லயன்கள் ஆபத்து வலயத்தில் இருக்கின்றன? கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள்? அறிக்கையின் தமிழ்ப் பிரதி எங்கே? மாற்றுக் காணி குறிக்கப்பட்டிருக்கிறதா? வெளியேறச் சொன்ன நாளின் சம்பளத்துக்கு யார் பொறுப்பு? பதில் வந்தால் பெரட்டுக் களத்துச் சுவரில் ஒட்டலாம். வராவிட்டால் முதலில் மேன்முறையீட்டுக்கென்று அதே நிறுவனத்தில் குறிக்கப்பட்ட அலுவலரிடமும், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.